லொரெட்டா இழந்த சலவைக் கடை

எனக்கு எழுதத் தெரியாது. நான் சொல்வதை எழுதுகிற பிள்ளை ஒன்றையும் மாற்றாமல் எழுதட்டும். லொரெட்டாவைப் பற்றி ஊரில் ஒருவரும் சொல்லப் போவதில்லை.

லொரெட்டா அமெரிக்காவில் பிறந்த கறுப்பினப் பெண். டேனிஷ்காரர் ஒருவரைக் கட்டி டென்மார்க்கில் இந்த இக்காஸ்ட் ஊருக்கு வந்தாள். அவர் செத்த பிறகு, திரும்பிப் போகாமல் ஒரு கட்டடத்தை வாடகைக்கு எடுத்துச் சலவைக் கடை திறந்தாள். நான் அங்கே துணி மடித்தேன். இருவருக்கும் ஓட்டை டேனிஷ்தான். சிரிக்க அது போதும்.

அவளுடைய பூட்டி அடிமையாகப் பிறந்தவளாம். விடுதலை கிடைத்ததும் தனியாளாக மேற்கே மொன்ரானாவுக்குப் போய், சுரங்கக்காரரின் சேற்று உடுப்பைத் தோய்த்துத் தோய்த்தே கடைவீதியில் சொந்தக் கட்டடம் வாங்கினாளாம்.

"எங்கள் குடும்பத்தில் துணி தோய்க்கிற பெண் வாடகை வீட்டில் சாகமாட்டாள்" என்பாள் லொரெட்டா.

அவளுக்கு அது ஒன்றுதான் ஆசை. அந்தக் கட்டடம் அவளுடையதாக வேண்டும்.

ஒருநாள் எங்கள் தமிழ்ச் சனத்தின் கலியாண மண்டபத்துக்குத் தோய்த்த மேசைத்துணி கொண்டுவந்தாள். இங்கே பிறந்த பெண்பிள்ளைகள் சேலை உடுக்கத் தெரியாமல், ஊசி குத்தி அழுதுகொண்டு நின்றதைக் கண்டாள். அடுத்த நாள் என்னைக் கடையில் நிறுத்தி, என் சேலையை அவிழ்த்துச் சுற்றிப் பழகினாள். பிறகு சேலையின் முன்மடிப்பை, கொய்யகத்தை, மடித்து, நீராவி இயந்திரத்தில் அழுத்தி, பெட்டியில் வைத்துக் கொடுக்கத் தொடங்கினாள். இடுப்பில் சுற்றிக் கொழுவினால் சரி. சில்க்போர்க், அல்பர்ட்ஸ்லுண்ட் என்று வெளியூர்களிலிருந்தும் சேலைகள் வந்தன. இன்னும் ஒரு கோடை இப்படி ஓடினால் கட்டடம் வாங்கக் கடன் தருவதாக வங்கியும் சொன்னது.

அப்போது என் மகள் பவளராணி தொழிற்சாலை வேலையில் முதுகு நொந்து கிடந்தாள். லொரெட்டாதான் அவளைக் கூப்பிட்டு வேலை கொடுத்தாள். பட்டுக்கு எவ்வளவு சூடு, ஜரிகையை எப்படி மூடுவது, எல்லாம் கையைப் பிடித்துக் காட்டினாள்.

தொழில் கைவந்ததும் மகள் வீட்டுக் கராஜில் தன் கடையைத் தொடங்கினாள்.

"எங்கட ஆள் இருக்கேக்க ஏன் கறுப்பியிட்டக் குடுப்பான்?" என்று சனம் கதைத்தது. என் மகள் அப்படிச் சொல்லவில்லை. சொன்னவர்களின் சேலையை வாங்கினாள்.

"அது அவவின்ர சோறு, பிள்ளை" என்றேன்.

"சீலை எங்கட சீலைதானே, அம்மா. நான் என்ன களவெடுத்தனானோ?"

"தொழில் ஆரின்ர தொழில்?"

"நீங்கள் எனக்கு அம்மாவோ, அவவுக்கு அம்மாவோ? இந்த முதுகோட நான் திரும்ப பக்டரிக்குப் போறதோ?"

அன்றிரவும் அவள் முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டேன். அந்த நோவு பொய்யில்லை.

அந்தக் கோடையில் லொரெட்டாவின் கடைக்கு ஒரு சேலையும் வரவில்லை. வங்கி கையை விரித்தது. கட்டடத்தை வேறு யாரோ வாங்கி, அவளைக் காலிபண்ணச் சொன்னார்கள். நீராவி இயந்திரத்தை விற்கப்போகிறாள் என்று கேள்விப்பட்டு மகள் வான் வண்டியோடு வந்தாள். லொரெட்டா மறுக்கவில்லை.

"இடது பக்கம் சூடு கூட. பட்டை அங்கே வைக்காதே" என்று காட்டிக் கொடுத்தாள். மகள் தலையை நிமிர்த்தவே இல்லை.

வான் போன பிறகு கேட்டேன், "அவளுக்கு ஏன் கொடுத்தாய்?"

"என் பூட்டிக்குப் போட்டியாக வெள்ளைக்காரிகளும் கடை திறந்தார்கள். அவள் பயப்படவில்லை. அவர்களில் ஒருத்திக்கும் அவள் தொழில் பழக்கவில்லை; நான் பழக்கினேன், பார்." சிரிக்கத்தான் பார்த்தாள். வாய் கோணிப்போனது.

"வா, வீட்டில் சாப்பிடலாம்" என்றேன்.

"உன் வீடு அவளுடைய வீடு" என்றாள்.

உண்மைதான். நான் மகளோடுதான் இருக்கிறேன். வேறெங்கே போவது?

லொரெட்டா இப்போது சில்க்போர்க்கில் ஒரு முதியோர் இல்லத்தில் சம்பளத்துக்குத் துணி தோய்க்கிறாள், வாடகை அறையில் இருக்கிறாள். கலியாணக் காலம் வந்தால், "ஒருக்கா வந்து மடிச்சுத் தாங்கோ, அம்மா" என்று மகள் கராஜிலிருந்து கூப்பிடுகிறாள். மகளுக்குச் சமைக்கிறேன், முதுகுக்கு எண்ணெய் தேய்க்கிறேன். கராஜுக்குள் கால் வைக்கமாட்டேன். லொரெட்டாவின் தொலைபேசி இலக்கத்தைப் பேத்தி அழுத்தித் தருவாள். மணி அடிக்கும். அவள் எடுப்பதில்லை.