காலில் கேட்ட பாட்டு

பேய், சாமியாட்டம், குறி என்று யாராவது ஆரம்பித்தால் அடுப்பில் பால் இருக்கிறது என்று எழுந்து போகிறவள் நான். பயம் இல்லாதவள் என்று நினைத்துவிடாதீர்கள், என் அளவுக்குப் பயப்படுகிறவள் சங்கரன்கோவிலிலேயே கிடையாது, ஆனால் என் பயமெல்லாம் கண்ணுக்குத் தெரிகிற சாமான்கள் மேல்தான். சிலிண்டரை மூடினேனா என்று பஸ் ஸ்டாண்டு வரை போய்விட்டுத் திரும்பி வந்து பார்ப்பேன், மழை என்றால் கரண்டு கம்பி, வெயில் என்றால் மயக்கம், இவ்வளவு கவலைக்கு நடுவில் பேய்க்கு எங்கே இடம்? அதனால் இதை நீங்கள் நம்பாவிட்டால் கோபப்பட மாட்டேன், வேறு யாராவது சொல்லியிருந்தால் நானும் பால் பொங்குது என்று போயிருப்பேன்.

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவள், தறிக்கூடத்தில் நூல் சுற்றுகிற வேலை. வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார், புளியங்குடி எலுமிச்சை மார்க்கெட்டே கதி. ஒரே மகள், பெயர் கோமதி. எங்கள் ஊரில் தெருவுக்கு நாலு கோமதி இருப்பாள், அம்மன் பெயர், அதிலே விசேஷம் ஒன்றும் இல்லை என்றுதான் அப்போது நினைத்திருந்தேன்.

பக்கத்து வீட்டு ரஹ்மத் அக்காவின் தம்பி துபாயிலிருந்து வரும்போது ஒரு பாய் கொண்டு வந்தான். படுக்கிற பாய் இல்லை, ஆடுகிற பாய். ரப்பர் மாதிரி இருக்கும், நாலு பக்கமும் நாலு அம்புக்குறி, வயரை டிவியில் செருகினால் பாட்டு வரும், திரையில் அம்பு கீழேயிருந்து மேலே ஏறும், எந்த அம்பு உச்சிக்கு வருகிறதோ பாயில் அதே அம்பை அதே நொடியில் மிதிக்க வேண்டும். அக்கா வீட்டில் மிதிக்க ஆளில்லை, எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டது. என் மகள் பள்ளிக்கூடப் பையைக் கூடக் கழற்றாமல் அதன் மேல் ஏறினாள். நான் கையில் கரண்டியோடு வாசலில் நின்று, "ஏட்டி வழுக்கிரும், ஏட்டி டிவி மேல விழுந்திராத" என்று கத்திக்கொண்டே இருப்பேன்.

"எம்மா, நீ கத்துதது பாட்டை விடச் சத்தமா இருக்கு."

"அம்பைப் பாத்து மிதி ட்டி."

"கண்ணால பாத்து மிதிச்சா லேட்டாயிரும்மா. பாட்டு கால்ல கேக்கணும்."

இந்த ஒரு பேச்சை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

அப்புறம் பஸ் ஸ்டாண்டு பக்கம் ஜவுளிக்கடை மாடியில் ஜெபராஜ் அண்ணாச்சி கேம் சென்டர் திறந்தார். சென்னையில் ஏதோ மாலில் மூடிய கடையிலிருந்து வாங்கி வந்த பெரிய மிசின் அது, பாய்க்குப் பதில் இரும்புப் பலகை, மிதித்தால் அடியில் விளக்கு எரியும், பிடித்துக்கொள்ளப் பின்னால் கம்பி. ஞாயிற்றுக்கிழமை ஆனால் கோமதி அங்கேதான். அவளுக்கென்று ஒரு பாட்டு உண்டு, எங்கள் பாயிலும் இருக்கிற பாட்டுதான், வார்த்தையே கிடையாது, தறி ஓடுகிற மாதிரி டக்கடக்கவென்று போகும், அங்கே வருகிற காலேஜ் பையன்களே பாதியில் மூச்சு வாங்கி இறங்கிவிடுவார்கள். இவள் முடிப்பாள். கடைசிக்குச் சற்று முன்னால் பாட்டு ஓர் இடத்தில் மூச்சு விடுகிற மாதிரி நிற்கும், அங்கே அம்பே கிடையாது, இவள் மட்டும் அந்த இடத்தில் ஒற்றைக்காலில் ஒரு குதி குதிப்பாள். தேவையே இல்லாத குதி. சந்தோஷத்தில் வருவது.

"தங்கச்சி, உன் மவ மிதிக்கிற மிதிக்கு என் மிசினு ஆயுசு கம்மியாயிரும் போல," என்பார் அண்ணாச்சி. "ஆனா அந்தக் கடைசிக் குதிக்காகவே பாக்க ஆள் வருது."

பத்தாம் வகுப்பு தொடங்கின புதிதில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. சாதாரணக் காய்ச்சல், விட்டும்விட்டது, விட்ட மறுநாள் காலையில் கட்டிலில் உட்கார்ந்து, "எம்மா, என் காலைக் காணோம்" என்றாள். விளையாடுகிறாள் என்று சிரித்தேன். இரண்டு காலும் இருக்கிறது, உணர்ச்சி இல்லை. திருநெல்வேலியில் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தோம், ஊசி மருந்து ஏற்றினார்கள், டாக்டர் குண்டூசியால் உள்ளங்காலில் குத்திக் குத்தி "வலிக்குதாம்மா?" என்று கேட்பார், அவள் "இல்ல டாக்டர்" என்பாள், எத்தனை தடவை கேட்டாலும் அதே "இல்ல". நரம்புக் கோளாறு, திரும்பி வரலாம், எப்போது என்று சொல்ல முடியாது, வீட்டில் வைத்துப் பயிற்சி கொடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள்.

உலகத்தில் எந்தத் தாயாவது தன் பிள்ளைக்கு வலிக்க வேண்டும் என்று வேண்டியிருப்பாளா? நான் வேண்டினேன். காலையில் எழுந்ததும் அவள் உள்ளங்காலைக் கிள்ளுவேன், முகத்தைப் பார்ப்பேன். ஒன்றும் இராது. கோயில் புற்றுமண்ணைக் குழைத்துப் பூசினேன், சாமி நம்பிக்கையில் என்று சொல்ல முடியாது, தெருவில் எல்லோரும் பூசச் சொன்னார்கள், பூசாமல் இருந்து அதனால்தான் ஆகவில்லை என்றால் என்ன செய்வது என்கிற பயம். அவள் கட்டிலில் சாய்ந்து அந்தப் பாட்டையே டிவியில் போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பாள். பாயைச் சுருட்டிக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன், வயர் மட்டும் டிவியிலேயே கிடந்தது. அம்பு அதுபாட்டுக்கு ஏறி ஏறிப் போகும், மிதிக்க ஆளில்லாமல் எல்லாம் தப்பு தப்பு என்று சிவப்பாக எழுதிக் காட்டும். அணைக்கச் சொன்னால் அழுவாள்.

ஆடித் தபசுக்குக் கொடி ஏறியது. எங்கள் ஊர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டாம், மற்றவர்களுக்குச் சொல்கிறேன். அம்மன் ஒற்றைக்காலில் நின்று தபசு செய்கிறாள், அந்தக் கால் நோவை நாமும் பங்கு போட்டுக்கொள்கிறோம் என்று கொடி ஏறினதிலிருந்து சனங்கள் கோயிலைச் சுற்றிச் சுற்றி நடப்பார்கள். ஆடிச்சுற்று என்று பெயர். எண்ணிக்கை தவறாமல் இருக்கப் புளியங்கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டு, ஒரு சுற்றுக்கு ஒன்றாக எடுத்துப் போடுவார்கள். நானும் நேர்ந்துகொண்டேன். ரஹ்மத் அக்கா, "நீ போய்ட்டு வாளா, புள்ளய நான் பாத்துக்கிடுதேன், துணி தைக்கிறதை இங்கன கொண்டாந்து வச்சுக்கிடுதேன்" என்று தையல் மிசினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள்.

நல்ல மத்தியானம். கோயிலைச் சுற்றிக் கல் தரை அடுப்பு மாதிரி கொதித்தது, ஆட்கள் நிழல் பார்த்து ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். எனக்கு முன்னால் போன ஒரு வயசான பொம்பளை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே நடந்தாள், "ஆத்தா கோமதி, உன் கால் நோவை எனக்குத் தா". எனக்குப் பெரிதாக வேண்டத் தெரியாது, அவள் சொன்னதையே நானும் சொன்னேன், ஆனால் அவசரத்தில், அழுகையில், வாயில் வந்தது இதுதான்: "கோமதி கால்ல உள்ளதை எல்லாம் எனக்குத் தா."

எந்தக் கோமதி என்று சொல்லவில்லை. நோவு என்றும் சொல்லவில்லை. எல்லாம் என்று சொன்னேன்.

இரண்டு சுற்றுப் போயிருக்கும், கல் சுடவில்லை. காலுக்குக் கீழே கல் இருக்கிறதே தெரியவில்லை. எனக்கும் வந்துவிட்டது, மகளுக்கு வந்தது எனக்கும் வந்துவிட்டது, இனி அவளை யார் தூக்குவது என்று அப்படியே நின்றேன். நின்ற இடத்தில் என் வலது கால் தானாகப் பக்கத்தில் ஓர் எட்டு வைத்தது. அப்புறம் இடது. முன்னால், பின்னால், மறுபடி வலது வலது இடது. நான் பிடித்து நிறுத்தப் பார்க்கிறேன், நிற்க மாட்டேன் என்கிறது.

"ஏளா, சாமி வந்துட்டு! திருநீறு போடுங்க!" என்று கூட்டத்தில் சத்தம், யாரோ நெற்றி நிறையப் பூசினார்கள்.

சாமி இல்லை. சத்தியமாகச் சொல்கிறேன், அது சாமி இல்லை. எனக்குத்தான் தெரியுமே அந்த மிதி, எத்தனை நாள் கரண்டியோடு நின்று பார்த்திருக்கிறேன், அது என் மகள் பாட்டு. காதில் ஒன்றும் கேட்கவில்லை, கோயில் சத்தம்தான் கேட்டது. பாட்டு காலில் கேட்டது. அதை எப்படி விளக்குவது என்று இன்றைக்கும் எனக்குத் தெரியவில்லை.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஓடினேன். வீட்டுக்குத்தான் ஓடுகிறேன் என்று நினைத்தேன், கால் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் திரும்பியது. ஜவுளிக்கடை மாடிப்படி ஏறியது. ஜெபராஜ் அண்ணாச்சி தனியாக உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார், என்னைப் பார்த்ததும் டம்ளரை வைத்துவிட்டு எழுந்தார்.

"என்ன தங்கச்சி, நெத்தி நெறயத் திருநீறு, புள்ளைக்கு என்னமும்..."

"அண்ணாச்சி, அந்தப் பாட்டைப் போடுங்க."

"எந்தப் பாட்டு?"

"கோமதி பாட்டு. கேக்காதிய, போடுங்க அண்ணாச்சி, உங்களக் கையெடுத்துக் கும்பிடுதேன்."

பாவம், புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். உடனே போட்டார். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு ஏறி நின்றேன். வாழ்க்கையில் கல்யாண வீட்டில் கூடக் கைதட்டாதவள். திரையைப் பார்க்கப் பயந்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று நான் பார்க்கவில்லை, கால் போனது தெரியும், இரும்பு சத்தம் தெரியும், பாதியில் அண்ணாச்சி "ஏசுவே" என்றது தெரியும். பாட்டு மூச்சு விடுகிற அந்த இடம் வந்தது. என் உடம்பு ஒற்றைக்காலில் ஒரு குதி குதித்தது.

முடிந்து கண்ணைத் திறந்தேன். ஒரு அம்பு கூடத் தவறவில்லை என்று திரையில் எழுதியிருந்தது. அண்ணாச்சி அதைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார், முகத்தில் ரத்தமில்லை.

"தங்கச்சி, அந்தக் குதி... அது கோமதி குதியில்லா?"

பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. ரஹ்மத் அக்கா. "ஏளா ஓடியா! புள்ள காலை ஒதறுதா! சுடுது சுடுதுன்னு அழுதா, எனக்கு ஒண்ணும் வெளங்கல, ஓடியா!"

எப்படிப் போனேன் என்று தெரியாது. கோமதி கட்டிலில் உட்கார்ந்து இரண்டு காலையும் கையால் பிடித்துக்கொண்டு அழுதாள், விரல் அசைந்தது, எல்லா விரலும் அசைந்தது. "எம்மா, கால் எரியுதும்மா, வெயில்ல நடந்த மாதிரி எரியுதும்மா." உள்ளங்காலைத் திருப்பிப் பார்த்தேன். சிவந்து கன்றி, கொதிக்கிற கல்லில் நடந்தவள் கால் மாதிரி இருந்தது. கட்டிலை விட்டு இறங்காத பிள்ளையின் கால். என் காலைப் பார்த்தேன், மத்தியானம் முழுவதும் வெறுங்காலோடு கல்லிலும் தாரிலும் ஓடின கால், ஒரு சிவப்பு இல்லை.

அவளுக்கு வலிக்கிறது என்று நான் அழுதேன், சந்தோஷத்தில். ரஹ்மத் அக்கா இரண்டு பேரையும் பார்த்துத் தானும் அழுதாள்.

டாக்டர், இந்தக் கோளாறு இப்படித்தான், நரம்பு திரும்பும்போது எரியும் என்றார். இருக்கலாம். வீட்டுக்காரர், "ஏட்டி, வெயில்ல நீ மயங்கிருப்ப, அண்ணாச்சி பாவம் பாத்து நீ நல்லா ஆடுனன்னு சொல்லிருப்பாரு" என்றார். அதுவும் இருக்கலாம், நானே அப்படித்தான் சொல்லியிருப்பேன். கோமதி மெல்ல மெல்ல நடந்தாள், பள்ளிக்கூடம் போனாள், இப்போது பஸ் பிடிக்க ஓடுகிறாள். நான் கும்பிடாத தெய்வமில்லை.

நடக்கத் தொடங்கிய கொஞ்ச நாளில் அவளே பாயை எடுத்து விரித்தாள். பாட்டைப் போட்டாள். மிதித்தாள். ஒன்றும் சரியாக விழவில்லை, திரை முழுக்கச் சிவப்பு. சரி, கால் இன்னும் தேறவில்லை என்றேன். கால் தேறியது, ஆட்டம் தேறவில்லை. இன்றுவரை தேறவில்லை. ஒருநாள் பாயை விட்டு இறங்கி வந்து சாதாரணமாகத்தான் சொன்னாள்: "எம்மா, பாட்டு காதுல கேக்கு. கால்ல கேக்க மாட்டேங்கு."

எனக்குக் கேட்கிறது. தறி ஓடினால் கேட்கிறது, குக்கர் கூவினால் கேட்கிறது, நூல் சுற்றும்போது என் கால் அடியில் மிதித்துக்கொண்டே இருக்கிறது, பக்கத்தில் உள்ளவள் "என்னக்கா, காலுக்கு என்ன?" என்கிறாள்.

இந்த வருஷம் கொடி ஏறப் போகிறது. நேர்த்தி பலித்தது, போய் நன்றி சொல்லிச் சுற்றிவிட்டு வா என்கிறார்கள். போனால் என்ன கேட்பது? அவளுடையதைத் திருப்பிக் கொடு என்று கேட்க வாய் வரைக்கும் வருகிறது. ஆனால் நான் வாங்கியது எல்லாம் என்று சொல்லி வாங்கியது. திருப்பிக் கொடுத்தால் அதுவும் எல்லாமாகத்தானே போகும், காலைக் காணோம் என்றாளே, அந்த மரத்த காலும் சேர்ந்துதானே அவளிடம் போகும்? இதைக் கேட்டுச் சொல்ல ஆளில்லாமல் தவிக்கிறேன்.

நேற்றுச் சாயந்தரம் அவள் கதவைச் சாத்திவிட்டுப் பாயை விரித்தாள். "எம்மா, நீ ஆடேன், நான் பாக்குதேன்." வேண்டாம் என்றேன், கெஞ்சினாள், ஏறினேன். பாட்டு போனது, அந்த இடம் வந்தது, குதி வந்தது. பயந்து அவள் பக்கம் திரும்பினேன். அவள் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையும் பார்க்கவில்லை. கன்னத்தில் கையை வைத்துக்கொண்டு என் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள், காணாமல் போன தன் கொலுசை அடுத்தவள் காலில் பார்த்துவிட்டு, கேட்கவும் முடியாமல் உட்கார்ந்திருக்கிறவள் மாதிரி.