கூடுதலாக ஒரு சுற்று

மகளைப் பரீட்சைக்கு விழுப்புரம் அழைத்துப்போகும் வழியில், விக்கிரவாண்டியில் டீ குடிக்க நிறுத்திய கார் மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. பக்கத்தில் நின்ற லாரி டிரைவர் பானெட்டைத் திறந்து பார்த்தார். பேட்டரி முனையைக் கவ்விப் பிடிக்கும் கிளாம்ப் விரிந்து உடைந்திருந்தது.

"போல்ட்ட யாருங்க இப்டி முறுக்கினது?"

"மெக்கானிக்" என்றேன். முந்தின நாள் முறுக்கியவன் நான். டார்ச் பிடித்தவள் மகள். எதை இறுக்கினாலும் இன்னொரு சுற்று சுற்றாமல் எனக்கு மனசு அடங்காது.

அவர் கம்பியால் கட்டி, கையால் அசைத்துப் பார்த்தார். "அசையலன்னா போதுங்க, அதுக்கு மேல தாங்காது. பயந்துக்கினே முறுக்கியிருக்காரு, பாவம்."

மகள் என்னைப் பார்த்தாள். காட்டிக்கொடுக்கவில்லை.

பரீட்சை நடக்கும் கல்லூரி வாசலில், பேனா இருக்கிறதா என்று மறுபடியும் கேட்க வாயெடுத்தேன். "போய்ட்டு வாம்மா" என்று மட்டும் சொன்னேன். அந்தக் கடைசிச் சுற்றைச் சுற்றாமல் விடுவது அவ்வளவு சுலபமாக இல்லை.