பூஜை மாடத்துப் போன்

பௌர்ணமிக்கு ரூம் நிரம்ப இந்த ஊரில் யார் தயவும் வேண்டாம். மற்ற நாட்களில்தான் லாட்ஜ்காரர்கள் ஈ ஓட்டுவார்கள். அப்படியொரு நாளில், கிரிவலப் பாதையில் லாட்ஜ் வைத்திருக்கும் அக்கா என்னைக் கூப்பிட்டார்.

"மெயிலே தொறக்க மாட்டேங்குதும்மா. ஜெர்மனிக்காரங்க ரெண்டு வாரத்துக்கு மாடி மொத்தமும் கேட்டிருக்காங்க. சாயங்காலத்துக்குள்ள பதில் போடலைன்னா வேற எடம் பாத்துக்குவாங்க. அவங்க நம்பர்கூட அந்த மெயில்லதான் இருக்கு."

நான் வேங்கிக்காலில் வீட்டிலிருந்தபடியே மெயில் சர்வர் பார்த்துக்கொள்கிறவள். அந்த அக்காவின் லாட்ஜோடு இன்னும் சில லாட்ஜுகளையும் அப்போதுதான் ஒரே சர்வரில் குடிவைத்திருந்தேன். ஆளுக்கொரு டொமைன், அதாவது முகவரியில் '@'க்குப் பின்னால் வரும் பெயர்; வீடு மட்டும் ஒன்று. எல்லா லாட்ஜிலும் 'ரூம்' என்று ஒரு கணக்கு உண்டு. அதனால் வெறும் 'ரூம்' என்று சொல்லி இனி உள்ளே வர முடியாது, லாட்ஜின் டொமைனையும் சேர்த்து முழு முகவரி தர வேண்டும். பாஸ்வேர்டும் புதிது. இதையெல்லாம் அக்காவின் கம்ப்யூட்டரில் நானே மாற்றிக் கொடுத்திருந்தேன்.

ஆகவே அவர்தான் எதையோ தப்பாக அடிக்கிறார் என்று முடிவுகட்டி, முணுமுணுத்துக்கொண்டே வண்டியை எடுத்தேன். போய் நானே அடித்தேன். திறக்கவில்லை. மறுபடி அடித்தேன். ம்ஹூம். எனக்கு வந்த கோபத்தில் கீபோர்டு தப்பித்தது பெரிய விஷயம்.

லாட்ஜின் வைஃபையை விட்டுவிட்டு என் போன் நெட்டில் முயன்றேன். உடனே திறந்தது! பதில் எழுதுவதற்குள் சிக்னல் அறுந்துவிட்டது. ஆனால் ஒன்று தெரிந்தது: கணக்கில் கோளாறில்லை, இந்தக் கட்டடத்தைத்தான் சர்வர் பூட்டி வைத்திருக்கிறது. முந்தின நாள்தான் அதற்கு ஒரு காவல் போட்டிருந்தேன்: தப்பான பாஸ்வேர்டோடு திரும்பத் திரும்பத் தட்டுகிற இணைப்பை வெளியே தள்ளிவிடும். பூட்டை எடுத்துவிட்டேன். காபி ஆறுவதற்குள் மறுபடி பூட்டிக்கொண்டது. டொமைன் இல்லாமல் வெறும் 'ரூம்' என்ற பெயரில், பழைய பாஸ்வேர்டோடு, லாட்ஜுக்குள்ளிருந்தே ஏதோ ஒன்று விடாமல் தட்டிக்கொண்டிருந்தது.

"அக்கா, மெயில் வர்ற மாதிரி வேற ஏதாவது போன் இருக்கா?"

"என் கையில இருக்கறது ஒண்ணுதாம்மா" என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, "சாமிகிட்ட ஒண்ணு இருக்கு" என்றார்.

ரிசப்ஷனுக்குப் பின்னாலிருந்த பூஜை மாடத்தில், மல்லிகைச் சரத்துக்கு நடுவே, சந்தனமும் குங்குமமுமாக ஒரு பழைய போன். சார்ஜர் ஒயர் சாமி படத்துக்குப் பின்னால் போனது. லாட்ஜ் வைஃபையில், நான் மாற்றாத பழைய பாஸ்வேர்டோடு அதுவாகவே மெயில் தேடிக்கொண்டிருந்தது.

"லாட்ஜுக்கு மொத புக்கிங் இதுலதான் வந்துச்சு. ஆயுத பூஜைக்குப் பொட்டு வெச்சேன், அப்புறம் எடுக்க மனசு வரலை."

"இத ஆஃப் பண்ணிட்டா சரியாயிடும்க்கா."

"ஐயையோ! ராசியான போன்மா அது. அணைக்கவே கூடாது."

வாதாட நேரமில்லை. திரையிலிருந்த பொட்டு அழியாமல் விரலை ஒதுக்கி ஒதுக்கி, முழு முகவரியையும் புதிய பாஸ்வேர்டையும் அதில் அடித்தேன். பூட்டை எடுத்துவிட்டேன். இந்த முறை பூட்டிக்கொள்ளவில்லை. அக்கா கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, மாடி காலியாக இருக்கிறது என்று ஜெர்மனிக்குப் பதில் அனுப்பினார். இருவரும் கம்ப்யூட்டரையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

'டிங்' என்ற சத்தம் வந்தது மாடத்திலிருந்து. அக்கா ஓடிப்போய்ப் பார்த்தார். வருகிறார்களாம், மாடி மொத்தமும் அவர்களுக்காம். அக்கா கண்ணில் ஒற்றிக்கொண்டார், போனை.

"பாத்தியா? ராசியான போனுன்னு சொன்னேன்ல!"

காலையிலிருந்து பூட்டித் தொலைத்தது அதுதான் என்று சொல்ல வாயெடுத்தேன். அக்காவின் முகத்திலிருந்த சந்தோஷத்தைப் பார்த்ததும் எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் ஒரு கும்பிடு போட்டுவிட்டுக் கிளம்பினேன். அடுத்த முறை பாஸ்வேர்டை மாற்றினால், முதலில் சாமிகிட்ட இருக்கும் போனில்தான் மாற்ற வேண்டும்.