சனிக்கிழமை கடைசி பெஞ்சு

பருப்பும் அரிசியும் வெங்காயமும் ஒன்றாக வெந்த பானையை, மறுநாள்வரை சூடு ஆறாமலிருக்க, பழைய கம்பளியில் சுற்றினால் ஒரு வாசனை வரும். மாடம்பாக்கத்தில் எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை சாயங்காலத்து வாசனை அது. நாங்கள் யூதர்கள், சனிக்கிழமை ஓய்வு நாள், அடுப்பு மூட்டக்கூடாது, எழுதக்கூடாது. (இதை ஞாயிற்றுக்கிழமைதான் எழுதுகிறேன், கவலைப்படாதீர்கள்.) போன வெள்ளிக்கிழமை பானையைச் சுற்றிக்கொண்டிருந்தபோது மகளின் பள்ளியிலிருந்து செய்தி வந்தது. அடுத்த வாரத்திலிருந்து சனிக்கிழமைதோறும் தேர்வு, வருகை கட்டாயம். எனக்குச் சிரிப்பு வந்தது, பின்னாலேயே கோபமும் வந்தது.

கம்பளி அம்மாவுடையது. என் சின்ன வயதில் படப்பையில் இருந்தோம். கொச்சியிலிருந்து வந்து டிராக்டர் பழுதுபார்த்த அப்பா, பெரியப்பா குடும்பங்கள் இரண்டுதான் ஊரிலேயே யூதர்கள். கிறிஸ்தவர்கள் எங்களை முஸ்லிம் என்றார்கள், முஸ்லிம்கள் கிறிஸ்தவர் என்றார்கள். திருத்தித் திருத்தி எங்களுக்கும் அலுத்துவிட்டது.

சனிக்கிழமை மத்தியானம் என்னையும் அண்ணனையும் பெரியப்பாவின் இரண்டு பெண்களையும் உட்காரவைத்து அம்மா எபிரேய மொழியும் ஜெபங்களும் சனிக்கிழமைப் பாட்டும் சொல்லித்தருவாள். பேனா கிடையாது, எல்லாம் வாயால்தான். இன்றும் ஜெபத்தில் ஒரு வரி மறந்தால் பானைப் பக்கம் போய் நிற்பேன்; வந்துவிடும். நம்பினால் நம்புங்கள்.

மின்விசிறியைப் போடவும் கூடாது, போடச்சொல்லி யாரையும் கேட்கவும் கூடாது. புழுக்கமாக இருக்கிறது என்று பொதுவாகச் சொல்லிக்கொள்ளலாமாம். அம்மா அதைச் சுவரைப் பார்த்து உரக்கச் சொல்வாள். பக்கத்து வீட்டில் மீன் விற்கும் முனியம்மாக்கா வருவார். "இன்னாக்கா, புள்ளைங்கள வேக வெச்சிகினு கீற?" என்று சுவிட்சைத் தட்டிவிட்டு, எங்கள் பாட்டு முடியும்வரை வாசற்படியில் உட்கார்ந்திருப்பார். வெள்ளிக்கிழமையே போட்டு வைத்திருக்கலாம். அம்மா வாராவாரம் மறந்தாள்.

அப்படியிருக்கையில்தான் எங்கள் பள்ளியில் மேல்வகுப்புகளுக்குச் சனிக்கிழமைத் தேர்வு வைத்தார்கள். வராதவர்களைப் பொதுத்தேர்வுக்கு அனுப்பமாட்டேன் என்றார் தலைமையாசிரியர். பெரியப்பா பயந்துபோனார். எபிரேய வகுப்பை நிறுத்திவிடு, பிள்ளைகள் போய் எழுதட்டும், படிப்பு போனால் ஊரில் யார் மதிப்பார்கள் என்றார். அம்மா நேராகப் பள்ளிக்கூடம் போனாள்.

"அனுப்புறேன் சார். வருவாங்க, உக்காருவாங்க. பேனா எடுக்க மாட்டாங்க."

வெட்கப்பட்டாவது எழுதிவிடுவோம் என்று நினைத்தாரோ என்னவோ, தலைமையாசிரியர் எங்கள் நால்வரையும் கடைசி பெஞ்சில் ஒன்றாக நெருக்கி உட்காரவைத்தார். கூடமே தலைகுனிந்து எழுதுகிறது, நாங்கள் கைகட்டி உட்கார்ந்திருக்கிறோம். திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். எனக்குக் காது சுட்டது, அழுகை முட்டியது. அண்ணன் வாய்க்குள்ளேயே சனிக்கிழமைப் பாட்டை முணுமுணுத்தான். பெரியப்பாவின் பெண்கள் சேர்ந்துகொண்டார்கள், நானும். வெற்றுத்தாளைக் கொடுத்துவிட்டு எழுந்தபோது எனக்கு வெட்கம் இல்லை. அடுத்த வாரமும் அப்படியே, அதற்கடுத்த வாரமும் அப்படியே. கடைசியில் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு, திங்கட்கிழமை சாயங்காலம் தனியாக எழுத விட்டார்.

பெரியப்பா குடும்பம் இஸ்ரேலுக்குப் போய்விட்டது. அண்ணன் மும்பையில். அம்மா இல்லை. எங்கள் வீடும் முனியம்மாக்கா வீடும் அகலமாக்கிய ஒரகடம் சாலைக்கு அடியில். மேலே கம்பெனி பஸ்கள் ஓடுகின்றன.

மகளின் பள்ளிக்கு, அன்று அம்மா சொன்னதையே சொல்லிவிட்டேன். மகள்தான் தயங்கினாள்.

"நான் மட்டும் சும்மா உக்காந்திருந்தா எல்லாரும் என்னையே பாப்பாங்கம்மா."

"பாக்கட்டும்," என்றேன்.

பாட்டைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு நாங்கள் நால்வரும் இடம் போதாமல் முழங்கை இடிக்க உட்கார்ந்திருந்தோம். அவளுக்கு பெஞ்சு முழுக்க இடமிருக்கும்.