கடலுக்குக் காய்ச்சல் இல்லை

காலை ஆறு மணி பத்து நிமிடம். காரின் முன்கண்ணாடி வழியாக முதலில் தெரிந்தது ஒரு வெள்ளைப் பெயிண்ட் வாளி. அதைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் மாமா உட்கார்ந்திருந்தார். தலையில் குரங்குக் குல்லா, மடியில் இரண்டு தூண்டில் கோல்கள். மஹ்பூலாவில் அவருடைய தொழிலாளர் கேம்ப் வாசலில் வேறு யாரும் இல்லை. வெள்ளிக்கிழமை என்பதால் மற்றவர்கள் எல்லோரும் போர்வைக்குள் இருந்தார்கள்.

மாமா என் அம்மாவின் தம்பி. குவைத்தில் கம்பி கட்டும் வேலை. சனியிலிருந்து வியாழன்வரை சைட், வெள்ளி ஒரு நாள் லீவு. அப்பா பிளானிங் இன்ஜினீயர். எங்கள் வீடு மங்காஃபில், கேம்பிலிருந்து காரில் பத்து நிமிடம். வெள்ளிதோறும் அப்பா மாமாவை ஏற்றிக்கொண்டு கடற்கரைக்குப் போவார். மாமா மீன் பிடிப்பார், அப்பா காரில் உட்கார்ந்து போன் பார்ப்பார், நான் கல்மேல் மாமாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து இரை கோத்துக் கொடுப்பேன். ஒன்பது மணிக்கு வீடு. மீன் ஃபிரீசருக்கு, நாங்கள் இட்லிக்கு. பகல் சாப்பாடு முடிந்து மாலை ஐந்து மணிக்கு மாமா மறுபடியும் கேம்புக்கு. எனக்கு அப்போது பத்து வயது.

கோடை முழுக்க வாளி நிறைந்தது. டிசம்பர் பிறந்ததும் மீன் நின்றுவிட்டது. ஆறு வெள்ளிக்கிழமைகள் வெறும் வாளியோடு திரும்பினோம். ஏழாவது வெள்ளியன்று, மாமா காரில் ஏறிக் கதவைச் சாத்துவதற்குள் அப்பா கெடுவை அறிவித்தார். கெடு வைக்காமல் அவரால் எதையும் தொடங்கவும் முடியாது, நிறுத்தவும் முடியாது.

"மாப்ள, இதான் லாஸ்ட். இன்னிக்கும் வாளி காலின்னா, கோலு ரெண்டையும் நம்ம பில்டிங் வாட்ச்மேன்கிட்ட குடுத்துரலாம். இவளுக்கு வேற மூக்கு ஒழுகுது. அடுத்த வாரத்துலருந்து நான் தூங்கப் போறேன்."

"சரி மச்சான்" என்றார் மாமா. அப்பா எதைச் சொன்னாலும் அவர் அதைத்தான் சொல்வார். எனக்கு அப்பாமேல்கூட அவ்வளவு கோபம் வரவில்லை. அந்தச் 'சரி'யின்மேல்தான் வந்தது.

ஏனென்றால் மீன் ஏன் கடிக்கவில்லை என்று எனக்குத் தெரியும். எங்கள் வீட்டு ஹாலில் ஜன்னலோரம் ஒரு கண்ணாடித் தொட்டி இருந்தது. அதில் பதினோரு கப்பி மீன்கள். குளிர்காலத்தில் காலை ஏழு மணிக்குத் தீனி போட்டால் அவை அடியில் கல்லோடு கல்லாகக் கிடக்கும். தீனி மேலே ஊறிக்கொண்டிருக்கும். பதினோரு மணிவாக்கில் தொட்டிமேல் வெயில் விழும். அதற்குப் பிறகு போட்டால் ஒரு துணுக்குகூட மிஞ்சாது. அரையாண்டு விடுமுறை முழுவதும் இதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மீனால் தன் உடம்பைச் சூடாக்கிக்கொள்ள முடியாது, தண்ணீர் குளிர்ந்தால் தின்றது செரிக்காது, பசி எடுக்காது, இரையை விரட்டத் தெம்பும் இருக்காது என்பதையெல்லாம் பிறகுதான் படித்தேன். அன்று என் கையில் இருந்த சான்று பதினோரு கப்பிகள் மட்டுமே.

அன்றைக்கு நான் ஆயத்தமாகத்தான் போயிருந்தேன். அம்மாவின் காய்ச்சல் பார்க்கும் தெர்மாமீட்டர் என் ஜாக்கெட் பையில் இருந்தது. கல்தடுப்பின் ஓரத்தில் இறங்கி அதைக் கடலுக்குள் விட்டேன். சின்னத் திரையில் எண் வரவில்லை. 'லோ' என்ற எழுத்து மட்டும் வந்தது. அப்பா காரிலிருந்து இறங்கி வந்து அதை வாங்கிப் பார்த்தார்.

"கடலுக்குக் காய்ச்சல் இல்லையாம். சந்தோஷம்" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் போனார்.

மாமா எட்டே முக்கால்வரை வீசினார். இரைக்குப் பெரிய பெரிய கணவாய்மீன் துண்டுகள், தூரத்துத் தண்ணீர். அறந்தாங்கிப் பக்கத்துக் கண்மாயில் தூண்டில் போட்டுப் பழகியவர் அவர். "விடியக்காலைலதான் ஆத்தா மீனு கடிக்கும்" என்பார். அந்தக் கண்மாய்க்கு அது சரி, குவைத்தின் ஜூலைக்கும் சரி. ஜனவரிக்குச் சரியில்லை. இரை போனபடியே முழுசாகத் திரும்பி வந்தது.

அப்பா ஹாரன் அடித்தார். மாமா தூண்டில் நரம்பைச் சுற்றத் தொடங்கினார். நான் கல்லில் உட்கார்ந்தேன்.

"எந்திரி" என்றார் அப்பா, கண்ணாடியை இறக்கி.

"வர மாட்டேன். பன்னெண்டு மணிக்கு மீன் வரும். நம்ம கப்பி மாதிரி."

"கடலும் நம்ம ஹால் தொட்டியும் ஒண்ணாடி?"

"ரெண்டும் தண்ணிதானே?"

"மூணு எண்ணுறதுக்குள்ள வண்டில ஏறணும்."

அப்பா ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினார். நான் நான்கு, ஐந்து, ஆறு என்று தொடர்ந்தேன். எங்கள் வீட்டில் அதுவரை யாரும் மூன்றுக்கு மேல் போனதில்லை.

அப்பா கதவைத் திறந்து ஒரு காலை வெளியே வைத்தார். என்னைத் தூக்கிப் போடத்தான் வருகிறார் என்று கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அப்போது பின்னால் 'டப்' என்று சத்தம். மாமா வாளியைக் கவிழ்த்து அதன்மேல் உட்கார்ந்துவிட்டார்.

"என்னா மாப்ள, நீயுமா?"

"காலு மரத்துப்போச்சு மச்சான். செத்த உக்காந்துட்டு வர்றேன்."

அவர் அப்பாவைப் பார்க்காமல் கடலைப் பார்த்துத்தான் அதைச் சொன்னார். ஆனாலும் அது 'சரி' இல்லை. மாமாவின் மரத்துப்போன கால் மூன்று மணி நேரம் சரியாகவில்லை.

பத்து மணிக்கு அம்மா போன் செய்தாள். அப்பா ஸ்பீக்கரில் போட்டார். இட்லி கல்லாகிவிட்டதாம். "உன் பொண்ணு கடல்ல தர்ணா பண்றா. உன் தம்பியும் சேர்ந்துட்டான்" என்றார் அப்பா. அம்மா, "அவன் குல்லா போட்டிருக்கானா?" என்று கேட்டு வைத்துவிட்டாள்.

வெயில் ஏறியது. தண்ணீர் வற்றிக் கிடந்த இடத்தில் கறுப்புக் கற்கள் சூடேறின. அரை மணிக்கு ஒருமுறை நான் காலை நனைத்துப் பார்த்தேன். தெர்மாமீட்டரைவிட அது ஒழுங்காக வேலை செய்தது. பதினொன்றரைக்குக் கடல் ஏறத் தொடங்கி, அந்தக் கற்களின்மேல் தண்ணீர் திரும்பி வந்தது. விரல் மரக்கவில்லை. மாமா தூரமாக வீசப் போனார். கோலைப் பிடித்துக்கொண்டேன்.

"இங்கயே போடுங்க. கல்லுகிட்ட. சின்னத் துண்டு. அதுங்களுக்குப் பசியே கொஞ்சம்தான்."

மாமா சிரித்தார். "சரிங்க இன்ஜினீயர்." பிறகு ஒரு இறாலை உரித்து நகம் அளவுக்குக் கிள்ளிக் கோத்தார்.

பள்ளிவாசலில் ஜும்மா பாங்கு கேட்டது. கடற்கரையில் எங்களைத் தவிர யாரும் இல்லை. கோடையில் மீன் கடித்தால் கோல் வளையும். அன்று வளையவில்லை, விறைப்பாக இருந்த நரம்பு சற்றுத் தொய்ந்தது, அவ்வளவுதான். மாமா காற்று என்று விட்டுவிட இருந்தார். "இழுங்க!" என்று நான் கத்திய கத்தலில் அப்பா காரிலிருந்து ஓடிவந்தார். அவர் வந்து சேர்ந்தபோது கல்மேல் ஒரு மீன் துள்ளிக்கொண்டிருந்தது. வெள்ளி உடம்பு, மஞ்சள் துடுப்பு. குவைத்திகள் ஷேம் என்பார்கள்.

ஒரு மணிக்குள் நான்கு பிடித்தோம். மூன்றாவதைக் கொக்கியிலிருந்து கழற்றியது அப்பா. அவருடைய காலுறைவரை நனைந்திருந்தது. திரும்பும்போது பின்சீட்டிலிருந்து, "கோலை வாட்ச்மேன்கிட்ட குடுக்கணுமா?" என்று கேட்டேன். பதிலுக்காகக் கேட்கவில்லை, அவர் வாயால் அது வர வேண்டும் என்று கேட்டேன்.

அப்பா மாமா பக்கம் திரும்பினார். "மாப்ள, அடுத்த வாரம் பத்தரைக்கு வர்றேன். கேம்ப் கேட்டுகிட்ட நில்லு" என்றார்.

"சரி மச்சான்" என்ற மாமா, நல்ல வெயிலில் குரங்குக் குல்லாவைப் புருவம்வரை இழுத்துவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அவருக்குக் குளிர்கிறது என்று நினைத்தேன். நான் காப்பாற்றியது இரண்டு தூண்டில் கோல்களை மட்டும் என்றும் அப்போது நினைத்தேன்.

எங்கள் வீட்டில் வெள்ளிக்கிழமை கவுச்சி கிடையாது. அம்மா மீன்களைக் கழுவி ஃபிரீசரில் வைத்தாள். மாமா முருங்கைக்காய் சாம்பாரும் பீன்ஸ் பொரியலும் சாப்பிட்டார். ஐந்து மணிக்கு அப்பா அவரைக் கேம்பில் இறக்கிவிட்டார். மறுநாள் மதியம் அம்மா புளி கரைத்துக் குழம்பு வைத்தாள். இருந்ததில் பெரிய துண்டை நான் கேட்டு வாங்கித் தின்றேன்.

மாமா அன்று சைட்டில் இருந்தார்.