முருக்கு என்றால் மரம்

தமிழ் எம்.ஏ. முடித்தும் ஆசிரியர் வேலை கிடைக்காததால், காரைக்குடியில் ஒரு பலகாரக் கடையின் இணையதளத்துக்கு எழுதப் போனேன்.

"முறுக்கு, முறுக்குகள், முருக்கு, எல்லாத்தையும் போடுங்க. தப்பா அடிச்சுத் தேடுனாலும் நம்ம கடை வரணும்" என்றார் முதலாளி.

"முருக்குன்னா அது ஒரு மரம்ங்க" என்றேன். அவர் கேட்கவில்லை. பக்கம் முழுக்க அந்தப் பிழையை நானே எழுதி நிரப்பினேன்.

சில மாதங்களில் கடை தேடலில் பின்னுக்குப் போனது. சொல்லை எப்படி மாற்றி அடித்தாலும் தேடுபொறியே புரிந்துகொள்ளும், இப்படித் திணித்த பக்கத்தைத்தான் அது ஒதுக்குகிறது என்றார் மதுரையிலிருந்து வந்த ஆலோசகர்.

முதலாளி என்னைப் பார்த்தார். "தமிழ் படிச்சவுகதானே? முறுக்குக்கு எந்த 'ற'ன்னுகூடத் தெரியாமயா எழுதுனீக?"

மறுநாளே என்னை வேலையிலிருந்து நிறுத்திவிட்டு, பிழை திருத்தும் வேலையை அந்த ஆலோசகருக்குக் கொடுத்தார்.