கோமாளித் தலையின் முதல் அடுக்கு

பொம்மையக்காவுக்கு அறுபது நடக்கிறது. கைப்பாவை ஆட்டியே காலத்தை ஓட்டியவள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று யாராவது வம்புக்குக் கேட்டால், "ரெண்டு கையிலயும் பொம்மை இருந்துச்சு, மூணாவது கை இல்ல" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாள்.

அப்பாவோடு ஒரே திரைக்குப் பின்னால் நாற்பது வருஷம் நின்றாள். போன மழைக்காலத்தில் அவர் போய்ச் சேர்ந்தார். இவள் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. வந்தவர்களுக்கு நாற்காலி எடுத்துப் போட்டாள், போனவர்களுக்குச் செருப்பைத் தேடிக் கொடுத்தாள். "சரியான கல்நெஞ்சுக்காரி" என்று அத்தை எல்லோர் காதிலும் விழும்படி சொன்னாள். சொல்லிவிட்டுப் போகட்டும். மரத்துப்போன காலைக் கிள்ளிப் பார்க்கிற மாதிரிதான் அவளுக்கே இருந்தது.

அப்பா காகித விஷயத்தில் ஒரு தினுசான மனுஷன். ஒரு துண்டைக்கூட எறிய மாட்டார், எரிக்கவும் மாட்டார். வேண்டியது இரும்புப் பெட்டிக்குப் போகும். வேண்டாதது பொம்மைத் தலை செய்கிற தொட்டிக்குப் போகும். அப்படிச் சேர்ந்தது மூன்று பெட்டி. ஆட்ட நோட்டீஸ், டிக்கெட் அடிக்கட்டை, வசன நோட்டு, திரைக்குப் போட்ட படம், பாதி ஆட்டத்தில் கரண்டு போனதற்கு ஒரு தலைமையாசிரியர் எழுதிய மன்னிப்புக் கடிதம் உட்பட. அடேயப்பா, மன்னிப்பைக்கூட விட்டுவைக்கவில்லை! பாவைக்கூத்து வரலாற்றுக்கு வேண்டும் என்று ஆவணக் காப்பகத்தில் கேட்டபோது பொம்மையக்கா உடனே சரி என்றாள். ஒரே ஒரு நிபந்தனை. ஒவ்வொரு தாளையும் தான் பார்த்த பிறகுதான் கொடுப்பாள்.

காரணம் இதுதான். அவளுக்கு ஒன்பது வயதில் அம்மா வீட்டை விட்டுப் போனாள். "போனவ உனக்கு ஒரு வரி எழுதினாளா?" என்று அப்பா கேட்பார். கேட்டுக் கேட்டே மகளைத் தன் பக்கம் வைத்துக்கொண்டார். ஒரு துண்டையும் எறியாத மனுஷன், அப்படி ஒரு வரி வந்திருந்தால் அதை மட்டும் எறிந்திருப்பாரா? அந்த ஒரு வரிதான் அவளுக்கு வேண்டும்.

காப்பகத்தில் பழுதுபார்க்கும் அறை. நீள மேசை, இரண்டு ஜன்னல், தண்ணீர்த் தட்டு, அடுக்கடுக்காக ஒற்றுத்தாள். காகிதம் ஒட்டுகிற பெண் துரு ஏறிய குண்டூசியைக் கழற்றி, தூரிகையால் தூசி தட்டி, மடிப்பை நீவி நகர்த்துவாள். பொம்மையக்கா முன்னும் பின்னும் படிப்பாள். கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு மூன்று வாரம். பூச்சி அரித்த ஓட்டையைக்கூடத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"என்னக்கா தேடுறீங்க? சொன்னா நானும் பாப்பேன்ல?"

"ஒண்ணுமில்லம்மா. பழக்கம்."

மூன்றாவது பெட்டியும் காலி. ஒரு மண்ணும் இல்லை. சரி, எழுதவில்லை, அவ்வளவுதான். வீட்டுக்குக் கிளம்ப எழுந்தவள், பையிலிருந்து கோமாளியை எடுத்தாள். அப்பா செய்ததிலேயே அதுதான் உசத்தி. மற்றதையெல்லாம் மூட்டை கட்டியாயிற்று, இதை மட்டும் இன்னும் பள்ளிக்கூடங்களில் ஆட்டிக்கொண்டிருந்தாள். கழுத்து விண்டிருந்தது.

"காயிதத்துலதான் செஞ்சது. நீ ஒட்டுற ஆளுதானே, இதையும் ஒட்டிக் குடேன்."

அந்தப் பெண் விளக்கை இழுத்து விரிசலுக்குள் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"உள்ள பென்சில்ல எழுதியிருக்குக்கா."

"ஏதாவது பழைய வசனமா இருக்கும்."

"வசனம் மாதிரி இல்ல. கடிதம். 'பதிலே வரல'ன்னு இருக்கு. அப்புறம்... சுண்டுன்னா யாருக்கா?"

பொம்மையக்கா உட்கார்ந்தாள். அவளைச் சுண்டு என்று கூப்பிட்டவள் உலகத்திலேயே ஒருத்திதான்.

யாருக்கோ தொழில் சொல்லிக்கொடுப்பவள் போலப் பேசினாள். "களிமண் அச்சு மேலதான் காயிதத்த வைக்கணும். முத அடுக்குக்குப் பசை கிடையாது, வெறும் தண்ணிதான். அப்பதான் அச்ச விட்டுக் கழண்டு வரும். அதுக்கு மேல பசை. பூச்சி வராம இருக்க மயில்துத்தம் கலப்போம். அந்த முத அடுக்க மட்டும் எங்கப்பா யாரையும் தொட விடமாட்டாரு. கதவச் சாத்திட்டு அவரே வைப்பாரு. வேலையில அவ்வளவு சுத்தம்னு நெனச்சேன்."

பெட்டியில் இருந்ததைப் பூச்சி தின்றிருந்தது. இதில் ஒரு எழுத்துக்கும் சேதமில்லை. படுபாவி மனுஷன்! எறியவும் மனசு வரவில்லை, கொடுக்கவும் மனசு வரவில்லை.

"எடுத்துடலாம்க்கா. ஆனா நனைக்கணும். தலை போயிடும், திரும்ப வராது. நல்லா யோசிச்சிட்டு நாளைக்கு வேணா சொல்லுங்க."

"நனை."

"இது உங்க கோமாளி, அக்கா."

"தெரியும். நனை."

தட்டில் தண்ணீர் ஊற்றினார்கள். முதலில் மூக்கு ஊறியது, பிறகு கன்னத்துச் சிவப்பு கரைந்து தண்ணீரில் பரவியது. எத்தனையோ ஊர்ப் பிள்ளைகளைச் சிரிக்கவைத்த முகம். அப்பாமேல் கோபம் வரும் என்று பொம்மையக்கா காத்திருந்தாள். வரவில்லை. அழுகையாவது வரலாம் என்று பார்த்தாள், அதையும் காணோம். சுவர்க் கடிகாரம் நாலரை காட்டியது.

இடுக்கியால் ஒரு துண்டைக் கிளப்பி, ஒற்றுத்தாளில் மெதுவாகப் படுக்கவைத்தாள் அந்தப் பெண். பென்சில் எழுத்து, கலையவே இல்லை. பொம்மையக்கா குனிந்து படித்தாள்.

'சுண்டு, நீ இப்ப எத்தனாவது படிக்கிற' என்று இருந்தது. அதற்குமேல் கிழிந்திருந்தது.

அவள் நிமிரவே இல்லை. அந்தப் பெண் பயந்துபோய் தோளைத் தொட்டாள். "அக்கா?"

பொம்மையக்கா அவளைப் பார்க்கவில்லை.

"அஞ்சாவதும்மா" என்றாள், அந்தக் காகிதத்தைப் பார்த்து.